பொம்மைத் தொண்டையில் பஞ்சு

பொம்மைக்கு மூச்சு முட்டாது. அதை நான் வெறுப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

எங்கள் மருத்துவமனை குன்னூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைச் சரிவுக்கு நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். கீழே சமவெளியில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி, பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளை ஹவுஸ் சர்ஜன்களாக எங்களிடம் சில வாரங்கள் அனுப்பி வைக்கும். வந்த அன்றே குல்லாய் வாங்குவார்கள், வர்க்கி பிஸ்கட் வாங்குவார்கள், லேம்ஸ் ராக் வியூபாயின்ட் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். படித்ததை மட்டும் மேட்டுப்பாளையத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வருவார்கள்.

நான் மயக்க மருந்து டாக்டர். மூச்சு நின்றுபோனவருக்கு வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது எப்படி என்று இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. முன்பெல்லாம் தியேட்டரில், மயங்கிக் கிடக்கும் நோயாளியின் தலைமாட்டில் என் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டார்கள். பிறகு எஸ்டேட் துரைமார்களின் கிளப் ஒன்று எங்களுக்கு ஒரு டம்மி வாங்கிக் கொடுத்தது. தலை, கழுத்து, மார்பு மட்டும் உண்டு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. வாயைத் திறந்தால் நாக்கு, தொண்டை, இரண்டு குழாய்கள், உள்ளே காற்றுப்பை, வயிற்றுக்கென்று ஒரு பை எல்லாம் ரப்பரில் செய்து வைத்திருந்தார்கள்.

டம்மி வந்த அன்றைக்கு விழா எடுத்தார்கள். கிளப்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதன் நெற்றியில் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய செயலாளர், தொண்டைக்குள் பார்க்கிற ஸ்கோப்பை டென்னிஸ் மட்டை மாதிரிப் பிடித்து அதன் வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா டாக்டர் என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். அந்த மண்டைக்கு அதற்குமேல் சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்கள் நிர்வாகியின் மனைவி டம்மிக்குக் கம்பளிக் குல்லாய் பின்னிக்கொண்டு வந்து மாட்டிவிட்டார். வெளியே வராந்தாவில் எஸ்டேட் பெண்கள் இருமிக்கொண்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஓ.பி. சீட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

டம்மி குளிரில் விறைத்துப்போகும். வகுப்புக்கு முன்னால் ஹீட்டர் பக்கத்தில் வைத்து வாட்டினால்தான் தாடை திறக்கும். மழைக்காலத்தில் தொண்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், அதைத் துடைக்கிற திருப்பணி என்னுடையது. நிர்வாகிக்கு அது விருந்தாளிகளுக்குக் காட்டுகிற பொருள். யார் வந்தாலும் ஸ்கில் லேப் என்று போர்டு மாட்டிய அந்த அறையைத் திறந்து, குல்லாயைக் கழற்றி, சிமுலேஷன், சிமுலேஷன் என்று வாய் நிறையச் சொல்லுவார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பார்.

டியூப் போடுவது பார்வைக்குச் சுலபம். நாக்கை ஒதுக்கி, ஸ்கோப்பால் தாடையைத் தூக்கினால், உள்ளே இரண்டு வெள்ளைக் கீற்றுகள் தெரியும். அவைதான் குரல் நாண்கள். பிள்ளைகள் கார்ட்ஸ் என்பார்கள். அவற்றுக்கு நடுவே டியூப் போனால் ஆள் பிழைத்தான். அவற்றைப் பார்க்காமல் குத்துமதிப்பாகத் தள்ளினால், டியூப் பின்னால் இருக்கிற உணவுக்குழாய்க்குள் போய்விடும். கொடுக்கிற காற்றெல்லாம் வயிற்றுக்குள் போகும். யாரும் கவனிக்காவிட்டால் ஆள் நம் கண் முன்னாலேயே போய்விடுவான். ஆகவே கார்ட்ஸ் தெரியாவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். தெரியவில்லை என்று உரக்கச் சொல்லிவிட்டு, ஸ்கோப்பை வெளியே எடுத்து, முகத்தில் மாஸ்க்கை அழுத்தி மூச்சுக் கொடுத்து, பிறகு மறுபடி முயல வேண்டும். மலையில் இது இன்னும் முக்கியம். இங்கே காற்று மெலிந்தது. மூச்சு நின்றால், கீழே இருக்கிறவனைவிட இங்கே இருக்கிறவன் சீக்கிரம் நீலம் பாரித்துவிடுவான்.

டம்மி நீலம் பாரிப்பதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். அதனிடம் பழகிய பிள்ளைகள் சாவகாசமாகத் தொண்டைக்குள் துழாவுவார்கள், நடுவில் பக்கத்தில் இருப்பவனிடம் டீ வந்துவிட்டதா என்று கேட்பார்கள், போனைப் பார்த்துச் சிரித்துக் குல்லாய் போட்ட டம்மியோடு செல்ஃபி எடுப்பார்கள். டியூப் போடும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நில்லுங்கள், உங்களுக்கு முட்டும்போது நோயாளிக்கும் முட்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கன்னத்தை உப்பிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டார்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைப்பு.

இந்த லட்சணத்தில் கல்லூரி ஒரு தேர்வு முறையை அனுப்பியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு மதிப்பெண். அதில் ஒரு படி, கார்ட்ஸ் தெரிகிறது என்று உரக்கச் சொல்வது. பார்ப்பதற்கு மதிப்பெண் இல்லை, சொல்வதற்குத்தான். அவன் கண்ணுக்குள் புகுந்து யார் பார்ப்பது? அதன் பிறகு எங்கள் ஸ்கில் லேப்பில் அந்த வாக்கியம் ஓயாமல் கேட்டது. ஆள் ஏறினாரா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கண்டக்டர் ரைட் சொல்வாரே, அந்த மாதிரி, ஸ்கோப் உதட்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டுத் தள்ளுவார்கள். டம்மியின் வயிற்றுப்பை பலூனாக உப்பிக்கொண்டிருக்கும். அவர்கள் முகத்தில் மதிப்பெண் வாங்கிய திருப்தி.

ஒரே ஒரு தடவை ஒரு பையன் மட்டும் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னான். ஸ்கோப்பைப் பிடித்திருந்த லட்சணத்துக்கு அவனுக்குச் சூரியனே தெரிந்திருக்காது. குன்னூர் பெட்போர்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக்கடை இருக்கிறது, போய் நம்பர் பார்த்துவிட்டு வா, அதுவரைக்கும் டம்மி காத்திருக்கும் என்றேன். அறையே சிரித்தது. மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டான். சமவெளிப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் காய்ச்சல். என் வாய்க்கு இந்த மலையில் ஒரு பெயர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வாக்கியம் எவ்வளவு பெரிய பொய் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஒரு மழை நாளில் அதே பிள்ளைகளின் வகுப்புக்கு முன்னால் தனியாகப் போய், பஞ்சை இறுக்கி உருட்டி டம்மியின் தொண்டையில் ஆழமாக அடைத்தேன். யார் பார்த்தாலும் பஞ்சு தவிர வேறெதுவும் தெரியாது. பிறகு குல்லாயை மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வந்தவன் ஜிம்முக்குப் போகிறவன். வாயைத் திறந்தான், தெரியுதுங்க மேடம் என்றான், தள்ளினான். டியூப் போகவில்லை. சட்டியில் கிண்டுகிற மாதிரி இன்னும் அழுத்தினான். அடுத்தவளுக்கும் தெரிந்தது. அதற்கடுத்தவன் இடது பக்கம் கொஞ்சம் சாய்வாகத் தெரிவதாகக்கூடச் சொன்னான். வாய் கூசவில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டி, அடுத்தவர், அடுத்தவர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் வந்தவள் தேவர்சோலைப் பெண். அப்பா கூடலூர்ப் பக்கம் சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலையும் மிளகும் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். அவள் ஸ்கோப்பை விட்டுப் பார்த்தாள். மற்றவர்களைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியுதுங்க மேடம் என்று முணுமுணுத்தாள்.

நான் எழுந்துபோய் இடுக்கியால் பஞ்சை உருவி எல்லார் மூக்குக்கு முன்னாலும் ஆட்டிக் காட்டினேன். இதுதான் நீங்கள் பார்த்த கார்ட்ஸ், இன்னும் கொஞ்சம் சேர்த்தால் தலையணை தைக்கலாம் என்றேன். உங்களை நம்பி ஒரு கோழியைக்கூட டேபிளில் படுக்கவைக்க மாட்டேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கதையை அதற்குப் பிறகு கேன்டீனிலும் கூட்டங்களிலும் கல்யாண வீடுகளிலும் நான் சொல்லாத நாளில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த பேட்சில் மற்றவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். தேவர்சோலைப் பெண் மட்டும் மயக்க மருந்தில் டிப்ளமா முடித்துவிட்டு எங்களிடமே வேலைக்கு வந்து நின்றாள். எங்க ஊட்டுக்குப் பக்கமா இருக்கணுமுங்க என்றாள். வேறு யாரும் விண்ணப்பம் போடவில்லை, அதனால் எடுத்துக்கொண்டேன். பனிக்கும் அட்டைக்கும் பயந்து எந்த டாக்டர் மேலே வருகிறான்? வேலையில் குறை சொல்ல முடியாது. மருந்தை அளந்து எடுப்பாள், நேரத்துக்கு வருவாள். ஆனால் பஞ்சை நான் மறக்கவில்லை. தொண்டை கொஞ்சம் கஷ்டமாகத் தெரிந்தால், அவள் குனிந்து தயங்குகிற நேரத்திலேயே தள்ளி நில் என்று சொல்லி ஸ்கோப்பை வாங்கிக்கொள்வேன். அவளும் பேசாமல் கொடுத்துவிடுவாள்.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் வாந்தி, வயிறு கல்லாக உப்பிவிட்டது. என் மகன் பிறந்தபோது வயிற்றைக் கிழித்த இடத்தில் உள்ளே குடல் ஒட்டி முறுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் சர்ஜன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இப்போதே திறக்க வேண்டும், நாளை வரை விட்டால் குடல் அழுகிவிடும் என்றார். வெட்டும்போதுகூடக் கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர். அவர் கையில் படுப்பதற்கு எனக்கு இஷ்டமில்லை. கோயம்புத்தூர் போகிறேன் என்றேன். பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்திருந்தது. கோத்தகிரி வழியில் மரம் விழுந்து கிடந்தது. எங்களுடைய இன்னொரு மயக்க மருந்து டாக்டர் மச்சினன் கல்யாணத்துக்குக் கீழே போனவர், மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டு போனில் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார். அவருடைய வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்துச் செய்கிற ஆபரேஷன் இல்லை இது. முழு மயக்கம் கொடுத்து டியூப் போட்டுத்தான் ஆக வேண்டும். என் தொண்டையைப் பற்றி எனக்குத் தெரியும். மகன் பிறந்தபோது கோயம்புத்தூரில் எனக்கு டியூப் போட்ட பெரிய டாக்டர், மறுநாள் என் கட்டிலுக்கே வந்து, உன் தாடை சிறிது, முன்பல் தூக்கல், கார்ட்ஸ் கண்ணுக்கே படவில்லை, நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், இனி யாரிடம் படுத்தாலும் முதலிலேயே சொல்லிவிடு என்று எச்சரித்திருந்தார். இப்போது அந்தத் தொண்டைக்குள் பார்க்கப் போகிறவள், பஞ்சு உருண்டையைப் பார்த்துத் தெரியுது என்று சொன்னவள். இன்றைக்கும் அப்படியே சொல்லித் தள்ளினாள் என்றால் நான் செத்தேன். அவ்வளவுதான் விஷயம். அதைச் சுற்றி வளைத்து யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கு நன்றாகவே பயமாக இருந்தது.

டிராலியில் படுத்துக்கொண்டே, பெரிய டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். ஏற்கனவே கவனித்திருப்பதாகச் சொன்னாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள், தாடைக்குக் கீழே விரலை வைத்து அளந்தாள், கழுத்தை நிமிர்த்தச் சொன்னாள். என் உயிர் இப்போது உன் கையில் என்று சொல்ல வாயெடுத்தேன். பல்லை உடைத்துவிடாதே என்றுதான் சொன்னேன். சரிங்க மேடம் என்றாள். தியேட்டர் விளக்குக்குக் கீழே சர்ஜன் கையைக் கழுவிவிட்டு வந்து, ஆச்சா, ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்க்கை அவள் என் முகத்தில் வைத்தபோது எனக்கு நினைவில் இருந்தது அந்தப் பஞ்சு உருண்டைதான். சாமிகூட நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் காலையில் முதலில் வந்தவர் சர்ஜன். குடல் காப்பாற்றப்பட்டது, வெட்டவில்லை என்று சொல்லிவிட்டு, உடனே புகாருக்கு வந்துவிட்டார். அந்தப் புள்ளை ரொம்ப நேரம் பண்ணிவிட்டது என்றார். ஸ்கோப்பை விட்டுப் பார்த்தாளாம், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, தெரியல என்றாளாம். இவர், தெரியாவிட்டால் என்ன, தள்ளிப் பார் என்றாராம். அவள் தள்ளவில்லை. வெளியே எடுத்து, மாஸ்க்கை வைத்து மெதுவாக மூச்சுக் கொடுத்து, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்து, மறுபடி பார்த்தாளாம். மறுபடியும், தெரியல. இவர் சத்தம் போட்டிருக்கிறார். அதற்கு அவள், சார், கொஞ்சம் பேசாம இருங்க என்றாளாம். மூன்றாவது தடவை மெல்லிய வழிகாட்டிக் குச்சியை முதலில் நுழைத்து, அதன் மேல் டியூப்பைச் செலுத்தி, மானிட்டரில் மூச்சின் அலை வருகிற வரைக்கும் யாரையும் கத்தி எடுக்கவிடவில்லையாம். ஜூனியர் புள்ளை என்னைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா, நீங்கள் கண்டிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த மனிதரை வெறுக்க எனக்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்ததில் வயிற்று வலியே கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் நம்ப முடியவில்லை. தியேட்டர் சிஸ்டர் தலையணையைச் சரி செய்ய வந்தபோது அவளிடமும் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள்.

மதியத்துக்கு மேல் தேவர்சோலைப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். நாடி பார்த்தாள், ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்தாள், தொண்டை வலிக்கிறதா என்று கேட்டாள். வெளியே பனி இறங்கி ஜன்னலை மூடியிருந்தது. என் பல்லெல்லாம் பத்திரமாக இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால், ஒரு சர்ஜன் கத்திக்கொண்டு நிற்கும்போது தெரியவில்லை என்று சொல்ல முடிந்தவள், அன்றைக்கு ஒரு ரப்பர்ப் பொம்மையிடம் ஏன் பொய் சொன்னாள்? அது எனக்கு விளங்கவே இல்லை. கம்மிய குரலில் கேட்டேன்.

"அன்னைக்கு பஞ்சு வெச்சிருந்தப்ப நீ எதுக்கும்மா தெரியுதுன்னு சொன்னே? உனக்குப் பஞ்சு தெரியலையா?"

அவள் கட்டிலின் கால்மாட்டில் இருந்த போர்வையை நேராக்கினாள்.

"பஞ்சு தெரிஞ்சுதுங்க மேடம். எல்லாருக்குமே தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல பேசிக்கிட்டோமுங்க."

"அப்புறம்?"

"தெரியலைன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பயமுங்க. நீங்க கண்ணாடிக்கடைக்குப் போகச் சொன்ன அந்தப் பையன் அழுதுட்டே போனானுங்க, அதுக்கப்புறம் யாரும் சொல்லலைங்க." போர்வையின் ஓரத்தை மடித்துச் செருகினாள். "சார் கத்துறதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மேடம். நேத்து நீங்க மயக்கத்துல இருந்தீங்க. அதனாலதான் சொல்ல முடிஞ்சுதுங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நல்லதாக ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தலையணையில் கையை ஊன்றி, கொஞ்சம் நிமிர்ந்து, வாயைத் திறந்தேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.